தொடைப் பை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அக்கா போன வாரம் வந்து போனாள்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன பேன்ட்டைத் துவைக்கிறேன் என்று அம்மா எடுத்தாள். நான்தான் பிடுங்கி வைத்தேன். சோப்புப் பவுடரில் ஊறப்போட்டால் அந்தத் துணி அவ்வளவுதான். இடது தொடைப் பையில் திசைகாட்டி போட்ட பட்டையை இரண்டு பட்டனில் மாட்டியிருக்கிறதே, அது ஸ்டோன் ஐலண்ட், இத்தாலிக் கம்பெனி என்று அக்கா பையன் போனில் பார்த்துச் சொன்னான். விலையும் சொன்னான். என் இரண்டு மாதப் பென்ஷன். அம்மாவிடம் ஆயிரத்து ஐந்நூறு என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அதையே சொல்.

வேலை சுத்தம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தைத்து முடித்த பிறகு முழு பேன்ட்டையும் சாயத்தில் போட்டிருக்கிறார்கள். தையல் ஓரத்தில் நிறம் ஏறி இறங்கி இருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் பை என்ன புதுசா? ஓரத்தில் விசிறி மாதிரி மடிப்பு, மேலே மூடி, மூலைக்கு மூலை பிரியாமல் இருக்க நெருக்கிப் போட்ட பார்டேக் தையல். ஆவடி ஃபேக்டரியில் 31 வருஷம் ஜவான்களுக்கு நான் தைத்த பைதானே. அதை நீ ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. சரி, விடு.

எங்கள் பழைய மாஸ்டர் சொல்வார். 1938 வாக்கில் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வரைபடம் வைக்க இடது தொடையில் ஒரு பை கொடுத்தார்களாம். 1942இல் அமெரிக்கப் பாராசூட் படைக்கு இரண்டு தொடையிலும் பெரிய பை. அதில் கண்டதையும் திணித்துக்கொண்டு குதித்தால் பாரம் காலை அடிக்கும். அப்புறம் தொடையோடு சேர்த்துக் கட்ட நாடா வைத்துத் தைத்தார்கள். அத்தனை பாரத்தையும் ஒருத்தன் தனியாகத்தான் சுமந்தான் போலிருக்கிறது.

துவைக்கப் போடும் முன் பையைத் துழாவிப் பார் என்று சின்ன வயதிலிருந்து சொல்கிறேன். நீ கேட்பதில்லை. அந்த மூடி அழகுக்கு இல்லை, பட்டனைப் போடு.

பொங்கலன்று அவ்வளவு வெயிலிலும் சட்டையின் மேல் பட்டனை நீ கழற்றவே இல்லை. அம்மா கவனிக்கவில்லை. நான் டெய்லர், கழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அதற்கப்புறம் போனும் அம்மாவிடம் இரண்டு நிமிஷம், என்னிடம் அதுவும் இல்லை. வேலையெல்லாம் ஒழுங்காகப் போகிறதா? வேளைக்குச் சாப்பிடு. துவைக்கும் முன் பையைப் பார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அம்மாவின் வளையல் பேங்க் லாக்கரில் இருக்கிறது என்று சொன்னேனே, இல்லை. சீட்டுப் பணம் முழுகிப்போனதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வட்டி கட்ட ஓவர்டைம் பார்த்தேன். அப்படியும் மூழ்கிவிட்டது. பிறகு வாங்கித் தந்தது வேறு ஜோடி. அது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த எட்டு மாதம் இந்த வீட்டில் யாரோடும் நான் சரியாகப் பேசவில்லை. உன்னைக்கூட ஒருநாள் காரணமில்லாமல் அடித்தேன். பென்சில் பாக்ஸ் கேட்டதற்கு.

பேன்ட்டைக் கொரியரில் அனுப்பவில்லை. வலது பக்க மூடியில் ஒரு பட்டன் ஆடிக்கொண்டிருந்தது, இறுக்கிவிட்டேன். அந்த நிறத்தில் நூல் கிடைக்கவில்லை. என் பெட்டியில் இருந்த பச்சைதான் போட்டேன், உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

இடது பையில் இருந்த சீட்டு என் மெஷின் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. அம்மா பார்க்கவில்லை. அதில் 17ஆம் தேதி போட்டிருக்கிறது. என் எஃப்டி ஒன்று 12ஆம் தேதி முடிகிறது. அந்த சனிக்கிழமை கிளம்பி வா. பஸ் ஏறியதும் எனக்குப் போன் பண்ணு, எனக்கு.

அப்பா