பேசறதுக்கு ஆள் வேணும்ங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன்லயே வெளிநாட்டு மொழி கத்துக்கலாம்னு நீங்க போட்ட கட்டுரை பாத்தேன். நான் கேரளா பார்டர்ல கொழிஞ்சாம்பாறைல மொபைல் கடை வச்சிருக்கேன், ஜெர்மனி போறதுக்காக பி1-ங்கற நடு லெவல் ஜெர்மன் மொழி பரீட்சைக்கு படிக்கற நர்ஸ் புள்ளைங்க ரீசார்ஜுக்கும் இயர்போனுக்கும் வந்து போறாங்க, அதுக சொல்றத கேட்டு கேட்டு இந்த பரீட்சை எனக்கே அத்துப்படி ஆயிருச்சு.

கட்டுரைல பாதி சரிதாங்க. டாய்ச்ச வெல்லேங்கற ஜெர்மன் ஒளிபரப்பு நிறுவனம், ஆரம்ப லெவல் ஏ1-லிருந்து பி1 வரைக்கும் வீடியோ பாடம் ஓசியிலயே வச்சிருக்கு, நைட் டூட்டி முடிஞ்சு சித்தூர் பஸ்ல உக்காந்துட்டே பாத்துக்கலாம். வார்த்தைய மனப்பாடம் பண்ண ஆப்பை மிஞ்ச ஆளில்ல, மறக்கப்போற நேரம் பாத்து திருப்பி கேக்குது.

சிக்கல் எங்கன்னா, கோத்தே இன்ஸ்டிட்யூட் நடத்தற பி1 பரீட்சைல படிக்கறது, கேக்கறது, எழுதறது, பேசறதுன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு 60 எடுக்கணும், ஒண்ணுல கொறஞ்சாலும் அத மட்டும் காசு கட்டி மறுபடி எழுதணும். கேக்கற பகுதில சிலது ஒரே தடவதான் ஓடும், வீட்ல ஸ்பீட கொறச்சு ரீவைண்ட் பண்ணி பழகின காதுக்கு அங்க ஒண்ணும் ஏறாது. பேசற பகுதி பெரும்பாலும் ரெண்டு பேர ஜோடியா உக்கார வச்சுதான், சேந்து ஒரு பிளான் போட சொல்லுவாங்க. எதிர்ல இருக்கறவ குறுக்க பேசுவா, ஒத்துக்க மாட்டா, இல்ல பயந்து வாயே தொறக்க மாட்டா. இப்ப வந்திருக்கற ஏஐ ஆப் அப்படியா? நாம அரைகுறையா உளறினாலும் புரிஞ்சுகிட்டு சூப்பர்னு தட்டிக்குடுக்குது, மாமியார் வீட்டு மொத நாள் உபசாரம் மாதிரி.

வெளிநாடு போறவங்களுக்கான கேரள அரசு அமைப்பு நோர்கா ரூட்ஸ், அதோட ட்ரிபிள் வின்ங்கற நர்ஸுங்கள ஜெர்மனிக்கு அனுப்பற திட்டத்துல செலக்ட் ஆனா பி1 வரைக்கும் ட்ரெய்னிங் ஃப்ரீ. கெடைக்காதவங்க பிரைவேட் சென்டருக்குத்தான் போகணும், அதுல ஒண்ணு ஆன்லைன் கிளாஸ்னு பீஸ் முழுசா வாங்கிட்டு பழைய ரெக்கார்டிங்க போட்டு விடுதாம், சந்தேகம் கேட்டா வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வருதாம். அதுக்கு எதுக்குங்க காசு, அந்த வீடியோதான் ஓசியிலயே இருக்கே! பாடத்த வீட்ல பாத்துட்டு வாங்க, கிளாஸ் நேரம் பூரா பேசலாம்னு சொல்ற வாத்தியார்தான் வேணும். தெனம் ஒரு வாய்ஸ் நோட் அனுப்ப சொல்லி திருத்தி குடுத்தாலே பெரிய விஷயம், அதுக்கு ஆப் கூட தேவையில்ல.

கேரளால ஸ்கூல் டெக்னாலஜிய பாத்துக்கற அரசு அமைப்பு கைட் மூலமா 8-லிருந்து 12 வரைக்கும் 45,000 கிளாஸ்ரூம ஹைடெக் ஆக்கினாங்க, ப்ரொஜெக்டர், லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாம் குடுத்தாங்க, சாயங்காலம் பூட்டித்தானே கெடக்கு. சித்தூர் தாலுகால ஒரு ஸ்கூல்லயாவது வாரத்துல ரெண்டு நாள் தொறந்து விடுங்க, கேக்கற பகுதி ஆடியோவ ஸ்பீக்கர்ல ஒரே தடவ ஓடவிட்டு பதில் எழுதட்டும், அப்புறம் ஜோடி மாத்தி மாத்தி பேசட்டும். பொள்ளாச்சி பக்கத்துல இருந்தும் புள்ளைங்க கோபாலபுரம் தாண்டி வரும், தமிழா மலையாளமான்னு பாக்க வேண்டியதே இல்ல, அங்க பேசப்போறது ஜெர்மன். அடுத்த லெவல் பி2 முடிச்சவங்க நம்ம ஊர்லயே விசாவுக்கு காத்துட்டு இருக்காங்க, கூப்பிட்டா சொல்லிக்குடுக்க வருவாங்க. பொருளுக்கு யார் பொறுப்புன்னுதான் ஹெட்மாஸ்டர் கேப்பாரு, அத பஞ்சாயத்தும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் பேசி எழுதி குடுத்தா போதும், இயர்போன் ஸ்பிளிட்டர் நானே தர்றேன்.

இப்படிக்கு,
ஒரு மொபைல் கடைக்காரன்,
கொழிஞ்சாம்பாறை