நாவைப் பற்றி நண்பனுக்கு

வேலூர்,
லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம்)

அன்புள்ள நண்பா,

ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே வெயில் இப்போதே ஏறிவிட்டது. மார்ச்சிலேயே பகல் பதினொன்றுக்கு மேல் தெருவில் இறங்க யோசிக்க வேண்டியிருக்கிறது. பெரியவளுக்குக் காட்பாடியிலேயே வேலை கிடைத்துவிட்டது. மற்றபடி எல்லோரும் சுகம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மருமகன் கேட்கும் பிரசங்கங்களில் "வாயால் அறிக்கை செய், அப்படியே ஆகும், வீடு என்று சொல், வீடு வரும், சுகம் என்று சொல், சுகம் வரும்" என்கிறார்களாம். வார்த்தைக்கு அவ்வளவு வல்லமை உண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு. "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" என்ற நீதிமொழியை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் நமக்கு வேண்டியதை வரவழைத்துக்கொள்ள அது கொடுக்கப்பட்டது என்பதுதான் என் மனசுக்கு ஒப்பவில்லை. எதிரே இருக்கிற ஆளைத் தூக்கி நிறுத்தவும் கீழே தள்ளவும் ஒரு சொல் போதும் என்பதை ஆஸ்பத்திரி வார்டுகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

போன மாதம் நம் சபையைச் சேர்ந்த ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ் நடக்கிறது. எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து ஜெபித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்திருக்கிறார்கள், சாத்துக்குடி எல்லாம் வாங்கி வந்திருந்தார்கள். போகிற போக்கில் ஒருவர், "எங்கேயோ விசுவாசக் குறைவு இருக்கு, இல்லேன்னா குடும்பத்துல ஏதோ சாபம். அறிக்கை பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்றார்கள்.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதானே, யார் செய்த பாவம் என்று. ஆண்டவர் சொன்ன பதில்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அப்புறம், மூடி வைத்திருந்த இட்லியை எடுத்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டார்கள். காலையிலிருந்து அவர்கள் ஒன்றும் தொடவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்களை நினைத்துப் பார். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் அவனை வதைத்தார்கள். அத்தனையும் பக்தியான பேச்சு, அதுதான் கொடுமை.

மருமகனிடம் வாக்குவாதம் செய்யாதே. பிள்ளை ஆண்டவரைத் தேடுகிறான், அது பெரிய காரியம். ஒன்று மட்டும் கேள். மலையைப் பார்த்து நீ பெயர்ந்துபோ என்று சொல்லும் வசனம் மாற்கு 11:23. அதே பேச்சில் இரண்டு வசனம் தள்ளி, ஜெபம் பண்ண நிற்கும்போது யார்மேலாவது குறை இருந்தால் அவனுக்கு மன்னியுங்கள் என்கிறார் ஆண்டவர். மலையை எடுத்துக்கொண்டு மன்னிப்பை விட்டுவிடலாமா? சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அவரே, "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்றுதான் ஜெபித்தார். அப்போஸ்தலனாகிய பவுல், "மாம்சத்திலே ஒரு முள்" என்று தான் சொன்ன வேதனையை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டான். கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப் போதும்." இவர்கள் அறிக்கை செய்யத் தெரியாதவர்களா?

இன்னொன்றும் எழுதத் தோன்றுகிறது. நம் ஊரில் இத்தனை பெரிய ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று நமக்குச் சின்ன வயசிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஐடா ஸ்கடர் அப்போது டாக்டர் இல்லை, திண்டிவனத்தில் தகப்பனார் வீட்டுக்கு வந்திருந்த இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வரச் சொன்னார்கள். அப்பாவை அழைத்துப் போங்கள் என்றபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தப் பெண் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து 1900இல் வேலூரில் வேலையை ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. நான் யோசிப்பது என்னவென்றால், அன்றைக்கு வாசலில் யாரும் பிரசங்கம் செய்யவில்லை. கலங்கிப்போய் வந்த மூன்று பேர் நாலு வார்த்தை கெஞ்சினார்கள், ஒருத்தி அதைக் காதில் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்" இருக்கச் சொன்ன யாக்கோபு, நாவைப் பற்றி அத்தனை கடுமையாக எழுதுவது அதற்கு அப்புறம்தான். இந்த வாரம் வீட்டுக் கூட்டத்தில் அந்த நிருபத்தைத்தான் வாசிக்கிறோம்.

மாற்கு 11:25ஐ எழுதியதும் உன் தம்பி ஞாபகம் வந்தான். நில விஷயத்தில் பேச்சு நின்று எவ்வளவு காலம் ஆகிறது! போன முறை குடியாத்தம் போனபோது அவனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முதலில் கேட்டதே, "அண்ணன் எப்படி இருக்காரு?" என்றுதான். அதை உன்னிடம் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாகம் யாருக்கு எவ்வளவு என்பதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். நீ "எப்படிடா இருக்கே" என்று ஒரு போன் பண்ணு. போனில் பேசக் கஷ்டமாக இருந்தால் ஈஸ்டருக்கு இங்கே வா. அதிகாலை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் குடியாத்தம் பஸ் ஏறிவிடலாம். வரும் தேதியை முன்கூட்டியே எழுது, மாடி அறையைச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்கிறேன்.

உன் அன்பு நண்பன்