கண் அழுத்த நோயாளிகளின் பார்வைப்புலப் பரிசோதனை குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
கண் அழுத்த நோயாளிகளும் குடும்பத்தினரும்,
பிறை, பினாங்கு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பினாங்கு மாநில சுகாதார இலாகா.

பொருள்: பார்வை குறையும் வேகத்தைக் காலத்தோடு கண்டறிய வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்காக அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் எங்களில் பலர் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள். சொட்டு மருந்து தவறாமல் கிடைக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்வை எந்த வேகத்தில் போகிறது என்பதுதான் எங்களுக்குத் தெரிவதில்லை.

இந்நோயில் போன பார்வை திரும்பாது. ஒரு கண்ணின் குறையை மறுகண் ஈடுகட்டிவிடுவதால் நோயாளிக்கே விளங்காது. கண்ணின் அழுத்தம் அளவுக்குள் இருக்கும்போதே பார்வை நரம்பு தேய்வதும் உண்டு. எனவே அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது போதாது. நடுப்புள்ளியைப் பார்த்தபடி, சுற்றிலும் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கும் பார்வைப்புலப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பழக்கமின்மையாலும் களைப்பாலும் எண்கள் ஏறி இறங்கும் என்பதால் ஒரு முடிவை மட்டும் நம்ப முடியாது. ஆண்டுக்கு 2 டெசிபல் (இப்பரிசோதனையில் பார்வையின் உணர்திறனைக் குறிக்கும் அலகு) வீதம் வேகமாகப் பார்வை இழப்பவர்களைக் கண்டுபிடிக்க முதல் 2 ஆண்டுகளில் 6 பரிசோதனைகள் வேண்டும் என்று கண் மருத்துவ நிபுணர்கள் 2008-லேயே பரிந்துரைத்தார்கள். வருடத்துக்கு ஒன்றுதான் என்றால் ஆறாவது முடிவு கைக்கு வருவதற்குள் அவர்கள் 10 டெசிபல் இழந்திருப்பார்கள்.

ஓசிடி எனப்படும் ஒளிவழி ஸ்கேன் விழித்திரையின் நரம்பிழைப் படலத்தின் தடிப்பை அளக்கிறது. ஆரம்பத்தில் அது நல்ல துணை. நோய் முற்றிவிட்டால் ஓர் அளவுக்குக் கீழே எண் இறங்காது. அப்போது பார்வைப்புலப் பரிசோதனைதான் கதி. கருவியின் தயாரிப்பு மாறினால் பழைய எண்ணோடு புதியதை ஒப்பிடவும் முடியாது. எங்களில் ஒருவர் தீவிலிருந்து பெருநிலத்துக்குக் குடிமாறியபோது பழைய முடிவுகள் வந்து சேரவில்லை. வேறு கருவியில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். பல வருடக் கணக்கு அத்தோடு போயிற்று.

மொழிச் சிக்கலும் இருக்கிறது. நடுப்புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்று மலாயில் சொன்னது பாதி புரிந்து, வெளிச்சத்தைத் துரத்திப் பார்க்கிற பெரியவர்கள் பலர். பரிசோதனையில் தோற்றுவிடக்கூடாதே என்று வெளிச்சம் வராதபோதும் பொத்தானை அமுக்குபவர்களும் உண்டு. அப்படி அமுக்கினால் முடிவு உண்மையைவிட நன்றாகத் தெரிந்து, இழப்பு மறைந்துவிடும்.

ஆகவே, புதிய நோயாளிகளுக்கு முதல் 2 ஆண்டுகளில் 6 பரிசோதனைகளுக்கு முன்கூட்டியே தேதி கொடுக்குமாறு வேண்டுகிறோம். வழக்கமான பார்வைப்புலப் பரிசோதனையான 24-2 சோதனையின் புள்ளிகள் 6 பாகை இடைவெளியில் இருப்பதால், நடுப்பார்வை பாதிக்கப்பட்டவர்களுக்கு நடுப்பகுதியை நெருக்கமான புள்ளிகளில் சோதிக்கும் 10-2 சோதனையும் சேர்க்க வேண்டும். மருத்துவமனை மாறுவோரின் பழைய முடிவுகள் முழுவதும் அவர்களோடு அனுப்பப்பட வேண்டும். கூடுமானவரை அதே வகைக் கருவியிலேயே சோதிக்க வேண்டும். பரிசோதனை அறையில் தமிழ்ச் செய்முறை விளக்க ஒலிப்பதிவு ஒன்று இருந்தால் பேருதவி. இதற்குப் பெரிய செலவில்லை. ஒலிப்பதிவுக்குக் குரல் கொடுக்க எங்கள் பிள்ளைகளே முன்வருவார்கள்.

இப்படிக்கு,
பிறை வட்டாரக் கண் அழுத்த நோயாளிகளும் குடும்பத்தினரும்