மாத்திரைதானே என்று எழுதியிருந்தாய்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. செந்தூலில் புது வீடு அமைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் மகனைப் பற்றிய கடைசிப் பத்தியைத்தான் மீண்டும் மீண்டும் படித்தேன். ஊசி போடவில்லை, உடற்பயிற்சிக்கு, தசை வளர்க்கும் ஸ்டீராய்டு மாத்திரைதானே சாப்பிடுகிறான் என்று ஆறுதல் தேடியிருக்கிறாய். 30 ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்றவன் சொல்கிறேன்: கல்லீரலைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தலைகீழ்.

இந்த ஸ்டீராய்டுகளுக்கு மூலமான ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோனை அப்படியே விழுங்கினால், குடலிலிருந்து இரத்தம் முதலில் கல்லீரலுக்கே செல்வதால், பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். அதைத் தடுக்கவே அதன் 17ஆம் கார்பன் அணுவில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டினார்கள். 1958இல் சீபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டையனபாலும், 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர் பென் ஜான்சனின் தங்கத்தைப் பறித்த ஸ்டானோசொலோலும் இவ்வகையே. கல்லீரலால் எளிதில் உடைக்க முடியாததால்தான் மாத்திரை வேலை செய்கிறது. கல்லீரலுக்குக் கேடு வருவதும் அதனால்தான்.

பெரும்பாலும் முதலில் தடைபடுவது பித்த ஓட்டம். உடல் அரிப்பு, அடர்நிறச் சிறுநீர், வெளிறிய மலம், பிறகு கண்ணில் மஞ்சள். அப்போதும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்ற நொதியின் அளவு ஓரளவே உயர்ந்திருக்கலாம் என்பதால் அந்த ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதே. மறுபுறம், கடும் எடைப் பயிற்சியில் தசையிலிருந்தும் ஏஎல்டியும் ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதியும் கசியும். ஆகையால் ஒரு வாரம் பயிற்சியை நிறுத்திவிட்டு, பித்த நிறமியான பிலிருபின், கல்லீரல் நொதியான ஜிஜிடி, தசை நொதியான சிகே மூன்றையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல். நீண்ட காலம் உட்கொண்டவர்களுக்குக் கல்லீரலில் இரத்தம் தேங்கிய குழிகளும் கட்டிகளும் உண்டாகி, அரிதாக வயிற்றுக்குள் வெடிப்பதும் உண்டு.

உன் வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதாக எழுதியிருந்தாய். அந்த அன்பை நான் குறைசொல்லவில்லை. ஆனால் மாத்திரையை விழுங்கிக்கொண்டே அதையும் குடிப்பது, குழாயைத் திறந்துவைத்துத் தரையைத் துடைப்பது போலத்தான். நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ கல்லீரல் தேறிவிடும். ஆனால் உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு அடங்கியிருப்பதால் சோர்வும் மனவாட்டமும் வரலாம். எதை விழுங்கினான் என்பதை மருத்துவரிடம் அவன் மறைக்கக் கூடாது.

புட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் உண்டா என்று பார். இல்லையென்றால் உள்ளே இருப்பது எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதையே நம்புவதற்கில்லை.

சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் வருகிறேன். இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்து வை. பையனிடம் நான் பேசுகிறேன். நீ அந்த நேரம் கடைக்குப் போய் வா.

என்றும் உன்,
கணேசன்