ஹொக்கி மட்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்: வன்னிப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும், ஊரிலும் வெளிநாடுகளிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

களஞ்சிய அறையில் பூட்டிக் கிடக்கும் ஹொக்கி மட்டைகளை வெளியே எடுங்கள். விளையாடும் பிள்ளையின் பெயரில் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுங்கள். இந்த மடலில் நான் கேட்கப்போவது முக்கியமாக இதுதான்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் படித்தவள். மீள்குடியேறி வந்த காலத்தில், வகுப்பறைகளுக்கு யன்னல் பூட்டி முடியும் முன்னரே எங்களுக்கு ஹொக்கி அறிமுகமாகிவிட்டது. யாரோ ஒரு நலன்விரும்பி கொடுத்த பழைய மட்டைகள் அவை. எங்களில் பலருக்கு அவை நெஞ்சுயரம் வரும். ஆனாலும் பின்னேரம் மணி அடித்ததும் ஓடிப்போய் அந்த மட்டையைப் பிடிக்கும்போது இருந்த சந்தோசத்தை என்னால் இன்றைக்கும் சொல்லி முடிக்க முடியாது. பாடசாலைக் காலம் முடிந்த பிறகும் அந்த ஆட்டம் என்னை விடவில்லை. இப்போது பெண் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வலய மட்டப் போட்டிக்குத் திகதி வரும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னர் களஞ்சிய அறை திறக்கும். மட்டைகள் வெளியே வரும். பிள்ளைகள் விழுந்தடித்துப் பழகுவார்கள். வலயத்தில் வெல்வார்கள், மாகாண மட்டத்தில் முதல் சுற்றோடு திரும்புவார்கள். திரும்பிய மறுநாள் மட்டைகள் எண்ணி எடுக்கப்பட்டு அறை பூட்டப்படும். அடுத்த ஆண்டு திகதி வரும்வரை அந்தப் பிள்ளைகள் ஹொக்கியைத் தொடுவதில்லை.

வேறு விளையாட்டுகளில் இது ஓரளவு சமாளிக்கக்கூடியது. ஓடுவதற்குக் கால் போதும். உதைபந்துக்கு ஊரில் ஒரு பந்து இருந்தால் இருபது பிள்ளைகள் கூடுவார்கள். கரப்பந்து எங்கள் கிராமங்களில் வீதியோரம் வளர்ந்த ஆட்டம். ஹொக்கி அப்படி இல்லை. மட்டை இல்லாத பிள்ளைக்கு அங்கே ஒன்றும் இல்லை. மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம், வளைந்த முதுகு பட்டால் தவறு. அதனால் பந்தை இடப்பக்கம் இழுத்து வலப்பக்கம் தள்ளுகிற ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு திரும்ப வேண்டும். இடக்கை மேலே இறுக்கிப் பிடித்துத் திருப்பும், வலக்கை கீழே தளர்ந்து வழிவிடும். குனிந்த முதுகோடு ஓடிக்கொண்டே இதைச் செய்துகொண்டு, எதிரில் யார் வருகிறார் என்றும் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து அடித்தாலும் கோல் ஆகிவிடாது. 14.63 மீட்டர் ஆரையுள்ள அந்த வட்டத்துக்குள் பந்தைக் கொண்டுபோய் அடித்தால்தான் கோல். இரண்டு வாரத்தில் எந்தப் பிள்ளைக்கு இது கைவரும்? கைக்குப் பழகும்வரை ஆயிரம் ஆயிரம் தடவை தட்ட வேண்டும். அந்தத் தட்டல் பெரும்பாலும் வீட்டு முற்றத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் நடப்பது.

இந்திய ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையைப் பற்றி உங்கள் பாடசாலைகளில் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? தயவுசெய்து சொல்லுங்கள். 1968இல் பிறந்தவர். புனேக்குப் பக்கத்திலுள்ள கட்கியில், ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சகோதரர்களோடு அந்தத் தொழிற்சாலையின் புழுதி மைதானத்தில், மற்றவர்கள் உடைத்துப் போட்ட மட்டைகளையும் கழித்துவிட்ட பந்துகளையும் வைத்துத்தான் ஆடப் பழகினார். 1989இல் இந்திய அணிக்குள் வந்தார். 1992, 1996, 2000, 2004 என்று நான்கு ஒலிம்பிக். நான்கு உலகக் கிண்ணம். நான்கு ஆசிய விளையாட்டு விழா. சர்வதேச ஆட்டங்கள் 300க்கும் மேல். லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, மலேசியா, பங்களாதேஷ் என்று கழகங்களுக்காகவும் போய் ஆடினார்.

1998இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966க்குப் பிறகு அந்த விழாவில் ஹொக்கியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்தத் தங்கத்தோடு திரும்பிய கையோடு அவரையும் மூத்த வீரர்கள் சிலரையும் அணியிலிருந்து விலக்கினார்கள். அவர் ஆட்டத்தை விடவில்லை. 2000இல் சிட்னியில் திரும்பவும் ஒலிம்பிக் களத்தில் நின்றார். போலந்துக்கு எதிரான ஆட்டத்தில் வென்றால் அரையிறுதி. இந்தியா ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய மிகச் சொற்ப நேரம் இருக்கையில் போலந்து சமப்படுத்தியது, அரையிறுதி வாய்ப்புப் போய்விட்டது. அன்றைக்கு மைதானத்திலேயே அவர் அழுதார். பிறகும் நான்கு வருடம் ஆடி, 36 வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். நான்கு ஒலிம்பிக்கிலும் அவருக்கு ஒரு பதக்கம்கூடக் கிடைக்கவில்லை.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் ஹொக்கியைப் பற்றிக் கதைத்தால் முதல் கேள்வியே "இதால பிள்ளைக்கு என்ன வரும்?" என்பதுதான். மாகாண மட்டச் சான்றிதழ் வருமா, பல்கலைக்கழகத்துக்கு உதவுமா, வேலை கிடைக்குமா. பெற்றோர் கேட்பது நியாயம். எல்லாவற்றையும் இழந்து வெறுங்கையோடு திரும்பி வந்து, தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளைப் படிப்பித்த சனம் நாங்கள். ஒவ்வொரு மணித்தியாலத்தையும் கணக்குப் பார்த்தே வாழப் பழகிவிட்டோம். ஆனால் பாடசாலையும் அதே கேள்வியைக் கேட்கக் கூடாது. தன்ராஜை முப்பத்தாறு வயதுவரை ஓட வைத்தது பதக்கக் கணக்கு என்றால், அவர் சிட்னியோடு நின்றிருப்பார். உடைந்த மட்டையோடு புழுதியில் ஓடிய வயதில் பிடித்த ஆசை அது. அந்த வயதில், அந்த மட்டை அவர் கையில் இருந்தது. அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. அந்த ஆசையை எந்த ஆசிரியராலும் ஊட்டிவிட முடியாது. அது வருவதற்கு இடம் விட மட்டும்தான் எங்களால் முடியும்.

"செயற்கைப் புல் மைதானம் இல்லாமல் ஹொக்கி வளராது" என்றும் சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 1928 முதல் 1972 வரை ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா, முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடிய 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஏழாவது இடத்துக்குப் போனது. தரை மாறினால் ஆட்டமே மாறும். மண்ணில் பழகிய எங்கள் பிள்ளைகள் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் இருந்து கொழும்புக்குப் போய், செயற்கைத் தரையில் முதன்முதலாகக் கால் வைக்கும்போது பந்தின் வேகத்துக்குத் திணறத்தான் செய்வார்கள். வடக்குக்கு அப்படி ஒரு மைதானம் வேண்டும் என்று கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் அது வரும்வரை காத்திருந்தால் இப்போது பத்து வயதில் இருக்கும் பிள்ளை கலியாணம் முடித்துவிடும். தமிழ்நாட்டில் கோவில்பட்டியைப் பாருங்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன வறண்ட ஊர், வெயிலும் புழுதியும் எங்கள் ஊரைப் போலத்தான். அங்கே ஹொக்கி தலைமுறை தலைமுறையாக மண் மைதானத்தில் வளர்ந்தது. செயற்கைத் தரை பிறகுதான் போனது. 2022 ஆசியக் கிண்ணத்தில் இந்திய அணிக்காக ஆடிய மாரீஸ்வரன் அந்த ஊர்க்காரர். அதே அணியில் இருந்த கார்த்தி அரியலூர்க்காரர். எங்கள் இலங்கையிலேயே மாத்தளை இருக்கிறது. ஹொக்கி என்றாலே அந்த ஊரின் பெயரைச் சொல்லும் அளவுக்குச் சின்ன வயதிலிருந்தே பிள்ளைகள் மட்டை பிடிக்கிறார்கள்.

முழு அளவு மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அது இல்லாத பாடசாலைகள் ஐவர் ஹொக்கியைத் தொடங்கலாம். 48 மீட்டர் நீளமும் 32 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் இருந்தால் தாராளம். 2024 ஜனவரியில் ஓமானின் மஸ்கட்டில் இதற்கு முதலாவது உலகக் கிண்ணமே நடந்தது. எங்களுக்கு இல்லாத இடமா? மாரி முடிந்து தரை காய்ந்ததும் ஒருமுறை மட்டப்படுத்தி, கல்லைப் பொறுக்கி, உருளை போட்டால் சோளகக் காற்று வீசி முடியும்வரை ஆடலாம். கல் பொறுக்குவதை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். ஹொக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் நிறையுள்ள கெட்டிப் பந்து. மேடு பள்ளத்தில் பட்டு எழும்பினால் பல்லை உடைக்கும்.

மட்டையைக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். இருப்புப் பதிவேட்டில் பத்து மட்டை என்றிருந்தால் ஆண்டு முடிவில் பத்தையும் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ ஆசிரியர்கள் பிள்ளைகள் மீது பாசம் இருந்தும் இந்தப் பயத்தால்தான் பூட்டி வைக்கிறார்கள். ஆனால் ஹொக்கி மட்டை தேய்வதற்கும் உடைவதற்கும் என்றே செய்த பொருள். ஐந்து வருடம் புதிதாகவே இருக்கிற மட்டையால் யாருக்கும் பயன் இல்லை. அதிபர்களே, அந்தப் பயத்தை நீக்க உங்களால் முடியும். பெற்றோரிடம் ஒரு கையொப்பம் வாங்குங்கள். உடைந்தால் உடைந்த துண்டைக் கொண்டுவந்து காட்டட்டும், அதைப் பதிவில் கழியுங்கள். கழித்த மட்டைக்குப் பதில் வாங்கப் பழைய மாணவர் சங்கத்திடம் வருடாவருடம் ஒரு சிறு தொகையைக் கேளுங்கள்.

சரி, இனி கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற எங்கள் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும். நீங்கள் அனுப்பிய பணத்தில் எழும்பிய வகுப்பறைகளிலும் வாங்கிய கதிரை மேசைகளிலும்தான் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றைக்கும் உண்டு. கனடாவில் இருப்பவர்கள் அங்கே ஆடுகிற ஹொக்கியைப் பார்த்திருப்பீர்கள். அது பனித்தரை ஆட்டம், வேறு சட்டம். ஆனால் பிள்ளைகள் பாடசாலையால் வந்ததும் வீதியிலேயே வலையை வைத்து, சொந்த மட்டையோடு இருட்டும்வரை ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். ஒன்ராறியோவில் பிராண்ட்போர்ட் என்ற ஊரில் வேய்ன் கிரெட்ஸ்கியின் தகப்பன் வீட்டுப் பின்வளவில் தண்ணீர் விட்டு உறையவைத்து மகனுக்குச் சின்னத் தளம் போட்டுக் கொடுத்தார். அந்த மகன்தான் பிறகு அந்த ஆட்டத்தின் தலைசிறந்த வீரர் என்று உலகம் சொல்லும் ஆளானார். எங்கள் பிள்ளைகளுக்குப் பின்வளவு இருக்கிறது, மட்டைதான் இல்லை. அடுத்தமுறை ஊர்ப் பாடசாலைக்கு ஏதாவது செய்ய நினைத்தால், வளைவும் பெயர்ப்பலகையும் ஒரு வருடம் பொறுக்கட்டும். பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற மட்டைகள் வாங்கிக் கொடுங்கள். முக்கியமாகக் கோல் காப்பாளருக்குத் தலைக்கவசம், கால் கவசம், கையுறை என்று முழு உடுப்பு ஒன்று. அதுதான் விலை கூடியது, அதுதான் பல இடங்களில் இல்லை. கவசம் இல்லாமல் ஒரு பிள்ளையைக் கோலுக்கு முன்னால் நிறுத்துவதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பத்தாம், பதினோராம் வகுப்புப் பெண் பிள்ளைகளை மறிக்காதீர்கள். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வருடம் வந்ததும் "இனி விளையாட்டு வேண்டாம்" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், பாடசாலையிலும் சொல்கிறார்கள். நான் பழக்கிய பிள்ளைகளில் கையில் உண்மையான வித்தை இருந்தவர்கள் பலர் இப்படித்தான் நின்றுபோனார்கள். ஒரு பிள்ளை ரியூசன் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மைதானத்து வேலிக்கு வெளியே சயிக்கிளை நிறுத்தி, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் வரமாட்டாள். அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். வாரத்தில் மூன்று பின்னேரம், ஒவ்வொரு மணித்தியாலம். அதற்குமேல் நான் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரும்படி பயிற்சியை நேரத்தோடு முடிக்கலாம். தூரத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் முறை வைத்துக் கூட்டிப்போகலாம். பாடசாலை முன்னின்று கேட்டால் பெற்றோர் மறுப்பது குறைவு. அதிபர் நேரில் வந்து கதைத்த வீடுகளில் பிள்ளைகள் திரும்ப மைதானத்துக்கு வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

தை மாதம் புதிய ஆண்டு தொடங்குகிறது. முதலாம் தவணையின் முதல் கிழமையிலேயே அந்த அறையைத் திறந்து, இருக்கிற மட்டைகளை எண்ணி, ஆறாம் வகுப்பிலிருந்து விருப்பமுள்ள பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மட்டை போதாவிட்டால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று கிழமைக்குக் கிழமை மாற்றிக் கொடுங்கள். பழக்குவதற்கு ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள். பரந்தன், தருமபுரம், மாங்குளம், முள்ளியவளை, எந்தப் பக்கம் என்றாலும் நான் வருவேன். என்னோடு ஆடிய தோழிகள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு பழைய ஹொக்கி வீராங்கனை,
கிளிநொச்சி.