எத்தனை ரூபாய், எத்தனை கிலோ

அன்பு மச்சானுக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் அடித்ததிலிருந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ் லயத்தில், அந்த வரிசை வீட்டில், நாலு காம்பராவின் (அறையின்) பின்சுவர் மண்ணோடு போய்விட்டது, நாம் மார்பிள் விளையாடுவோமே, அந்த லயம்தான். ஆட்களை முன்னாலேயே பாடசாலைக்குக் கூட்டிப்போனதால் உயிர் தப்பியது.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹட்டனில் நம் தோட்டத் தொழிற்சங்கக் கூட்டம். வழக்கம்போல மாலை போட்டுப் பேசிக் கலைகிற கூட்டம் இல்லை, வருகிற ஐந்து வருடத்துக்குச் சங்கம் எதை முதலில் பிடிப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று எழுதி முடிவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமையகத்திலிருந்து வந்த தாளில் முதல் வரியே ‘நாட்சம்பளம் 2,000 ரூபாய்’. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. நான் தட்டவில்லை மச்சான். ஏன் என்று உனக்குச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

சம்பளம் இப்போது எப்படி ஏறுகிறது என்று பார். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சங்கங்களும் கம்பனிகளும் உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஒப்பந்தங்களில் குறை இருந்தது, நாங்களே திட்டினோம், ஆனாலும் பேச ஒரு மேசை இருந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாய் என்று தீர்மானித்ததும் கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்தே விலகிவிட்டன. அதற்குப் பிறகு எல்லாம் அரசாங்கத்தின் கையில். 2024இல் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், 1,350 வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 சேர்த்து மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள். காசு கூடினால் யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை? ஆனால் வர்த்தமானி ரூபாயைச் சொல்லும், ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்து என்று சொல்லாது. அதைச் சொல்வது தோட்டத்தை நடத்துகிற துரை. எங்கள் தோட்டத்தில் 16 கிலோவாக இருந்தது 18 ஆகி, இப்போது 20இல் நிற்கிறது. காய்ந்த மாதத்தில், அதுவும் வருடக்கணக்கில் புல் வெட்டாமல் காடு மண்டிய மலையில் 20 கிலோ எங்கே இருக்கிறது? 14 கிலோ கொண்டுவந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். தாளில் 1,550, கையில் 775. இந்தக் கணக்கு மாறாமல் 2,000 வாங்கினாலும் கிலோவை 25 ஆக்கி அதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

இதை நான் எழுந்து சொல்ல நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, அவர் 31 வருடம் கொழுந்து எடுத்தவர், சம்பளச் சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அந்த மாதம் எத்தனை நாள் மலைக்குப் போனார், எத்தனை நாள் அரைப்பேர் விழுந்தது என்று ஒவ்வொன்றாக வாசித்தார். அப்புறம் மலையில் கக்கூஸ் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும், குளவி கொட்டினால் தூக்கிப்போக வாகனம் வருவதற்குள் ஆள் மயங்கிவிடுவதையும் சொன்னார். மண்டபம் அமைதியாகிவிட்டது. மேடையில் ஒன்பது பேர், அதில் ஒரே ஒரு பெண், மாதர் சங்கத் தலைவி, அவரும் வரவேற்புரைக்கு மட்டும். கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள், 1984 வரை ஆணுக்கு ஒரு சம்பளம் பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்று வாங்கினவர்கள் அவர்கள், கிலோ கூடியதும் அவர்கள் தலையில்தான். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் மட்டும் ஆம்பிளைகள் நாங்கள்.

நான் எழுந்து இரண்டு விஷயம் கேட்டேன். முதலாவது, கூட்டு ஒப்பந்தத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும், கிலோக் கணக்கும் வேலை நாளும் அதற்குள்ளே எழுத்தில் வர வேண்டும். இரண்டாவது, பேசப்போகும் குழுவில் பாதிப் பேர் இன்றைக்கும் மலைக்குப் போகிற பெண்களாக இருக்க வேண்டும். சட்டத்தில் இடம் இருக்கிறது மச்சான். 1999இல் வந்த திருத்தத்தின்படி வேலையாட்களில் நூற்றுக்கு 40 பேர் ஒரு சங்கத்தில் இருந்தால் முதலாளி பேச மறுக்க முடியாது. ஆனால் ஒரே லயத்தில் நாலு சங்கம், நாலு கொடி. 40 எங்கே சேரும்? மற்றச் சங்கங்களோடு உட்கார்ந்து பேசாமல் இது ஆகாது என்றேன், அதற்குத்தான் மேடையில் முகம் சுளித்தார்கள்.

காணி விஷயத்தில் தகராறே வரவில்லை. புயலுக்குப் பிறகு யாரும் வாதாடத் தேவையில்லை. வெள்ளைக்காரன் கட்டிய லயத்தில் ஐந்து தலைமுறை இருந்தும் மண் சரிந்தால் இன்னொரு இடம் என் பேரில் இல்லை. பாதுகாப்பான இடத்தில் வீடு, அதோடு உறுதிப்பத்திரம் என்று இரண்டாவது வரியாக எழுதிவிட்டார்கள். இளசுகள் பற்றியும் பேசினோம், ஆனால் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர்களைச் சங்கத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவரிடமும் உருப்படியான யோசனை இல்லை.

கடைசியில் என்ன ஆனது என்றால், 2,000 முதல் வரியிலேயே இருக்கிறது, அதே வரியில் ‘கிலோ அளவு கூட்டு ஒப்பந்தத்தின் மூலம்’ என்று சேர்த்தார்கள். குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நான் கேட்டது பாதி. அந்த அக்காவின் பேர் குழுவில் இருக்கிறது, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்று. 2021க்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் சம்பளத்தில் சந்தா பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வீடு வீடாகப் போய் வாங்குகிறோம். முதலில் சங்கமே விழுந்துவிடும் என்று பயந்தேன். ஆனால் ஒவ்வொரு காம்பராவிலும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, ‘சந்தா வாங்க மட்டும்தான் வருவீங்களா’ என்று நேரே கேட்கும்போது பதில் சொல்லியே ஆக வேண்டும். அக்காவை நான் கண்டுபிடித்ததும் அப்படித்தான்.

உங்கள் குடும்பம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினவர்களோடு அழுகைக் கோச்சியில், அந்த ரயிலில், ஏறின அன்றைக்கு உன் அப்பா சங்கத்து அட்டையை என் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார், ஞாபகம் இருக்கா? பெட்டியில் இன்னும் இருக்கிறது, புயல் ஈரத்தில் ஓரம் மட்டும் நைந்துவிட்டது.

சரி, ஒரு உதவி. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் உன் மருமகள் கொழுந்து பறிக்கிறாளே, அங்கே நாளுக்கு எத்தனை கிலோ, கூடுதல் கிலோவுக்கு எவ்வளவு, குறைந்தால் என்ன செய்கிறார்கள் என்று அவளிடமே கேட்டு, சம்பளச் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. பேரை மறைத்துவிடு. குழு அடுத்த மாதம் உட்காருகிறது, அக்கா கையில் அதைக் கொடுக்க வேண்டும். தங்கச்சியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்றும் எழுது.

உன் மச்சான்