விதைப் பொட்டலத்தில் இலைக்கும் இரண்டு வரி கொடுங்கள்

காய்கறி விதை தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பீட்ரூட் விதைப் பொட்டலத்தின் பின்புறத்தில் ஆழம், இடைவெளி, அறுவடை நாள் எல்லாம் போடுகிறீர்கள். மண்ணுக்கு மேலே அடர்ந்து நிற்கும் கீரையைப் பற்றி நான் பார்த்த பொட்டலங்களில் ஒரு வரிகூட இல்லை. அதனால் செடி வளர்ப்பவர் கிழங்கை எடுத்துக்கொண்டு இலையை உரக்குழியில் போட்டுவிடுகிறார். நல்ல சாப்பாடு வீணாகிறது.

கீரைக்காகவே வளர்க்கப்படும் சுவிஸ் சார்டும் பீட்ரூட்டும் தாவரவியலில் ஒரே இனம்தான். பீட்ரூட் விதை என்று நாம் ஊன்றுவது பெரும்பாலும் பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாற்றுகள் முளைப்பது அதனால்தான். 'ஒன்றை விட்டு மற்றதைக் கலைத்துவிடவும்' என்று அச்சிடும் நீங்கள், கலைத்ததைத் தண்டோடு சாப்பிடலாம் என்றும் சேர்த்துவிடலாமே. அவ்வளவு இளசான கீரை வேறு எப்போது கிடைக்கும்?

முள்ளங்கி இலையைப் பலர் ஒதுக்குவது அதன் சுணைக்காக. இளசாகப் பறித்தால் சுணை உறுத்தாது. முற்றிய இலையையும் நறுக்கி வதக்கினால் அடங்கிவிடும். கிழங்கைவிட இலையில்தான் கால்சியமும் வைட்டமின் சி-யும் அதிகம். முள்ளங்கிக்கு உறவான டர்னிப் கிழங்கின் இலையில் கால்சியம் நிறைய, அதை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் ஆக்சலேட் என்ற பொருள் குறைவு. சர்க்கரைவள்ளியின் கொடி நுனியைக் கிள்ளி வேகவைத்தால் மென்மையான கீரை. கேரட் இலை விஷம் என்று சிலர் பயப்படுகிறார்கள்; விஷமில்லை, லேசான கசப்பு உண்டு, நார் அதிகம், பொடியாக நறுக்க வேண்டும்.

ஆனால் எல்லா இலையும் இப்படி அல்ல. நீங்கள் எழுதியே ஆக வேண்டும் என்று நான் கேட்பது முக்கியமாக இதற்காகத்தான். உருளைக்கிழங்கு இலையில் சோலனின் போன்ற நச்சுகள் இருக்கின்றன, வேகவைத்தாலும் போகாது. மரவள்ளி இலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. நன்றாக இடித்து, நெடுநேரம் வேகவைக்காமல் தொடக்கூடாது. சேம்பு இலையை அரைவேக்காட்டில் தின்றால் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் தொண்டையைக் குத்தும். வெள்ளைக் கேரட் போலிருக்கும் பார்ஸ்னிப் கிழங்கின் இலைச் சாறு பட்ட தோல் வெயிலில் கொப்பளிக்கும். கேரட் இலை சாப்பிட்டுப் பழகியவர் உருளை இலையையும் பறித்துவிடக் கூடாதல்லவா?

அப்புறம், பீட்ரூட் கீரையில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு நிறுத்த வேண்டும். இந்தக் கீரைகளில் வைட்டமின் கே நிறைய இருப்பதால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பறிக்கும் முறையையும் சொல்லுங்கள். கிழங்கு பருப்பது இலை சமைத்துத் தரும் உணவில்தான். அதனால் செடிக்கு ஒன்றிரண்டு வெளி இலை மட்டும் போதும், குருத்தைத் தொடக்கூடாது. அறுவடை ஆனதும் இலையை உடனே பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி வாட வைக்கும். பீட்ரூட்டில் மட்டும் 2 அல்லது 3 செ.மீ. காம்பை விட்டு நறுக்கினால் வேகும்போது சாயம் கசியாது.

பொட்டலத்தில் இடம் இல்லையென்றால் இத்தனையும் வேண்டாம். இலை உண்ணலாமா கூடாதா, எந்தப் பருவத்தில், சமைத்தா பச்சையாகவா என்பதை மட்டும் போடுங்கள். விதைக்கிழங்கு மூட்டையில் 'உருளை இலை உண்ணத் தகாதது' என்பதைச் சற்றுப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கிழங்கையும் கீரையையும் சேர்த்தே வளர்க்கும் ஒரு வாடிக்கையாளர்